முதலாமாண்டோடு முடிகிற பாடமல்ல: செவிலியர் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

செவிலியர் படிப்புக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும், செயல்முறைத் தேர்வு நடத்தும் தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

நான் வார்டில் வேலை பார்க்கிறவள். அங்கேயே, கட்டிலருகே நின்று, மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். நீங்கள் எழுதும் பாடத்திட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் கையில் வைத்துக்கொண்டு நடைமுறைப்படுத்துகிறவர்களில் ஒருத்தி என்ற உரிமையில் சொல்கிறேன்: அடிப்படைப் பராமரிப்பை நாம் கற்பிக்கும் விதம் சரியில்லை.

படுக்கை விரிப்பது, குளிப்பாட்டுவது, வாய் சுத்தம் செய்வது, உணவூட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, எழுப்பி நடக்கவைப்பது, மலம் சிறுநீர் கழிக்க உதவுவது, நாடியும் மூச்சும் எண்ணுவது. இவற்றை முதல் சில மாதங்களுக்குள் அடுக்கிவைத்து முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு மருந்தியல், அறுவை சிகிச்சை, தீவிர சிகிச்சை என்று படிப்பு மேலே ஏறிப் போகிறது. கீழே விட்டதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம் ஒரு நோயாளியைக் குளிப்பாட்டச் சொன்னால், தன்னை முதலாமாண்டுக்குத் தள்ளிவிட்டதாகவே அவள் நினைக்கிறாள். குற்றம் அவளுடையதன்று. எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதுதான் பெரிது என்று நாமே கற்றுக்கொடுத்திருக்கிறோம். அந்த வேலை மெல்ல உதவியாளரிடம் போய்ச் சேர்கிறது. அவரும் இல்லாத வேளையில் நோயாளியின் உறவினர் தலையில் விழுகிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். அடிப்படைப் பராமரிப்பு படிப்பின் கடைசி நாள் வரை கற்பிக்கப்பட வேண்டும். கடைசித் தேர்வு வரை கட்டிலருகே சோதிக்கப்பட வேண்டும். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

மூச்சை எண்ணுவதிலிருந்து தொடங்குகிறேன். ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். இதைச் சொல்லத் தெரியாத மாணவர் இல்லை. ஆனால் வார்டில் சார்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். கட்டிலுக்குக் கட்டில், வேளைக்கு வேளை, ஒரே எண் வரிசையாக இறங்கியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். அத்தனை பேரும் ஒரே கதியில் மூச்சு விட்டிருக்க முடியாது. யாரும் எண்ணவில்லை என்பதுதான் அதன் பொருள். உடல் நிலைகுலையத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுகிறவற்றில் ஒன்று மூச்சின் வேகம். இரத்த அழுத்தமோ வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். இதயம் வேகமாகத் துடித்தும் இரத்தக் குழாய்கள் சுருங்கியும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். விரலில் மாட்டிய, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் 97 சதவீதம் என்று காட்டலாம். அந்த 97-ஐத் தக்கவைக்க நோயாளி எவ்வளவு பாடுபடுகிறார் என்பதை அந்தக் கருவி சொல்லாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் ராயல் மருத்துவர்கள் கல்லூரி 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடுகிறது என்று பொருள்), நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விட்டால் மதிப்பெண் சுழியம். 21 முதல் 24 வரை 2. 25-உம் அதற்கு மேலும் 3. ஒரே அளவீட்டுக்கு 3 வந்தாலே அந்த நோயாளியை உடனே ஒருவர் வந்து பார்க்க வேண்டும். இப்போது பெருக்கிப் பாருங்கள். பதினைந்து வினாடியில் 5 என்று எண்ணினால் 20. 6 என்றால் 24. 7 என்றால் 28. ஒரே ஒரு மூச்சைக் கூட்டியோ குறைத்தோ எண்ணினால் நோயாளி ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தாவிவிடுகிறார். முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று நூல்கள் வற்புறுத்துவதன் காரணம் இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது. இதைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டினால் எந்த மாணவரும் மறக்க மாட்டார். நாம் போட்டுக் காட்டுவதில்லை. ‘ஒரு நிமிடம் எண்ணவும்’ என்று எழுதவைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

அந்த ஒரு நிமிடத்தில் கற்றுக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. நாடியை எண்ணி முடித்த பிறகும் விரல்களை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல் மார்பைப் பார்க்க வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் யாருடைய மூச்சும் மாறிவிடும். கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா, மூக்கின் மடல்கள் விரிகின்றனவா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா, படுக்கையில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்திருக்கிறாரா என்றெல்லாம் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையோடு இவற்றையும் எழுதுகிற மாணவர்தான் மூச்சை எண்ணக் கற்றவர்.

அடுத்தது குளிப்பாட்டுதல். இதைத்தான் எல்லோரும் கடைநிலை வேலை என்று ஒதுக்குகிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரின் தோல் முழுவதும் ஒரு செவிலியரின் கண்ணில் படும் வேளை இது ஒன்றுதான். மருத்துவர் வந்து பார்ப்பது நோயுள்ள உறுப்பை. குளிப்பாட்டும் செவிலியர் பார்ப்பது உச்சி முதல் உள்ளங்கால் வரை. முதுகின் அடிப்பகுதியில் வால் எலும்புக்கு மேலே, குதிகாலில், இடுப்பு எலும்பின் பக்கவாட்டில், ஆக்சிஜன் குழாய் அழுத்தும் காதின் பின்புறத்தில், முகமூடி பதியும் மூக்குத் தண்டில் என்று படுக்கைப்புண் தொடங்கும் இடங்கள் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்துப் பிறகு சிவந்தால் இரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. அதுவே படுக்கைப்புண்ணின் முதல் நிலை. ஆனால் கருமையான தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். பாடநூல்களின் படங்களோ பெரும்பாலும் வெளிர்ந்த தோலையே காட்டுகின்றன. ஆகவே விரல்களுக்கும் பயிற்சி தேவை: பக்கத்துத் தோலைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா, கொழகொழவென்று அமுங்குகிறதா, தொட்டால் வலிக்கிறதா? இதை எந்தப் படமும் கற்றுக்கொடுக்காது. தொட்டுப் பார்த்தவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும்.

இன்னொன்றையும் மன வருத்தத்தோடு சொல்கிறேன். சிவந்த இடத்தை ஸ்பிரிட் தடவித் தேய்த்துவிடுவதும், அடியில் வளையம் போன்ற மெத்தையை வைப்பதும் இன்னமும் சில இடங்களில் கற்பிக்கப்படுகின்றன. அழுத்தத்தால் நொந்துபோன திசுவைத் தேய்த்தால் சேதம் கூடும். வளையம் நடுவில் அழுத்தத்தைக் குறைத்து ஓரத்தில் கூட்டும். அந்த வட்டத்துக்கு உள்ளே இரத்த ஓட்டமே தடைப்படும். இரண்டையும் இப்போதைய வழிகாட்டுதல்கள் விலக்கிவிட்டன. அடிப்படைப் பாடம் மாறாதது, பழைய குறிப்பே போதும் என்று நினைப்பதால் வரும் வினை இது.

புரட்டிப் படுக்கவைக்கும் பாடத்துக்கு வருவோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது இடுப்பெலும்பின் மேல் முழு உடலும் அழுந்தாமல் 30 பாகை அளவுக்கு மட்டும் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதன்மீதும் படாமல் விட வேண்டும். இதுவரை சொல்லிவிடுகிறோம். சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தினால் உடல் கீழே சறுக்கி, முதுகடித் தோல் படுக்கையோடு ஒட்டிக்கொண்டு இழுபடும், புண் வரும். உயர்த்தாமல் உணவூட்டினால் சோறோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் போகும், நிமோனியா வரும். இரண்டு விதிகளும் சரி. இரண்டும் ஒரே கட்டிலில் மோதுகின்றன.

விதியை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் இந்த இடத்தில் திகைத்து நின்றுவிடுவார். காரணம் தெரிந்தவர் யோசிப்பார்: உணவுக்கு முன் முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்தி, பிறகு தலைப்பக்கத்தை உயர்த்தினால் சறுக்கல் குறையும், உணவு முடிந்து அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கவிட்டு, அப்புறம் இறக்கலாம், குழாய் வழியாகத் தொடர்ந்து உணவு ஏறுகிறவருக்கு இறக்கவே முடியாது என்பதால் அவருடைய முதுகடியை மற்றவர்களைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். இப்படி யோசிப்பதுதான் செவிலியர் அறிவு. தீவிர சிகிச்சைப் பிரிவின் கருவிகளுக்கு முன்னால் மட்டும் அது தேவைப்படுவதாக நினைத்தால் நாம் மாணவர்களை ஏமாற்றுகிறோம்.

வாய் சுத்தம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் அழுத்திச் சொல்கிறேன். வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குகின்றன. வாய்வழியாக எதுவும் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தம் தேவையில்லை என்று எண்ணும் மாணவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உண்மை நேர்மாறானது, மெல்லாத வாயில் எச்சில் குறைந்து வறண்டுபோவதால் அவருக்குத்தான் அது அதிகம் தேவை. நினைவில்லாதவரை ஒருபக்கமாகத் திருப்பி, மிகக் குறைந்த நீரில், உறிஞ்சு கருவியைத் தயாராக வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

உணவூட்டும்போது செவிலியர் உட்கார வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி தலையை அண்ணாந்து பார்ப்பார். அண்ணாந்த கழுத்தில் மூச்சுக்குழாய் எளிதாகத் திறந்துகொள்ளும். எதிரே உட்கார்ந்தால் அவர் முகவாய் சற்றே தாழும். ஒரு வாய் விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். விழுங்கிய பின் குரல் ஈரமாக, கரகரவென்று வந்தால் நிறுத்திவிட்டு மூத்தவரைக் கூப்பிட வேண்டும். உட்காருவதில் மருத்துவக் காரணத்தோடு இன்னொன்றும் இருக்கிறது: அவசரமில்லை என்று சாப்பிடுகிறவருக்கு அது சொல்கிறது.

நடக்கவைப்பது பெரும்பாலும் ‘நேரமிருந்தால்’ செய்யும் வேலையாகிவிட்டது. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. அந்தப் பத்து நாட்களில் கால்களிலிருந்து மட்டும் அவர்கள் இழந்த தசை ஏறத்தாழ ஒரு கிலோ. அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நோயோடு வந்து, பயத்தோடு படுத்திருக்கும் ஒருவரை ‘விழுந்துவிடுவீர்கள், எழுந்திருக்காதீர்கள்’ என்று நாமே படுக்கையோடு கட்டிப்போடும்போது என்ன நடக்கும்? கட்டிலின் சக்கரப் பூட்டைப் போட்டு, கால்களைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்காரவைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டு, நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் போட்டு, பிறகு எழுப்ப வேண்டும். இந்த வரிசையைக் கை பழகிக்கொண்டால் செவிலியரின் இடுப்பும் தப்பிக்கும்.

கை கழுவுவதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பிரசவ வார்டின் மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவவைத்தார். பிரசவித்த தாய்மார்களின் சாவு சரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஐந்து தருணங்களும் தெளிவாக இருக்கின்றன: நோயாளியைத் தொடும் முன், கிருமியற்ற செயலுக்கு முன், உடல் திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்டபின். கடைசித் தருணத்தில்தான் மாணவர்கள் தவறுகிறார்கள். கையுறை போட்டுக்கொண்டால் கழுவியதற்குச் சமம் என்ற எண்ணத்தையும் வார்டில்தான் உடைக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் புதிய கருத்துகள் அல்ல. 1860-இல் லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவைத்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், கூர்ந்து கவனிப்பதைத்தான் செவிலியரின் முதல் திறமையாக வைத்தார். நூறாண்டு கழித்து 1960-இல், சர்வதேச செவிலியர் பேரவைக்காக அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன் அடிப்படைப் பராமரிப்பைப் பதினான்கு கூறுகளாக வகுத்தார். சரியாக மூச்சு விடுவது, உண்பது, கழிப்பது, நகர்வது, உறங்குவது என்று அது தொடங்குகிறது. 2006-இல் அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பீட்ரிஸ் காலிஷ், வார்டுகளில் செய்யாமல் விடப்படும் பராமரிப்பு எது என்று செவிலியர்களிடமே கேட்டு எழுதினார். நடக்கவைப்பது, புரட்டுவது, வேளைக்கு உணவூட்டுவது, உடல் தூய்மை, உட்கொண்டதையும் வெளியேறியதையும் அளந்து எழுதுவது ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. அவர்கள் சொன்ன காரணங்களில் ஆள் பற்றாக்குறை இருந்தது; ‘அது என் வேலையில்லை’ என்ற மனப்பான்மையும், விட்டுவிட்டுப் பழகிப்போனதும் இருந்தன. பின்னிரண்டும் எங்கே முளைக்கின்றன? மாணவப் பருவத்தில்தான்.

ஆள் பற்றாக்குறையை நான் சிறிதாக்கிப் பேசவில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் லிண்டா எய்க்கனும் குழுவினரும் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியர் கூடுதலாக ஒரு நோயாளியைப் பார்க்க நேர்ந்தால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவது தெரியவந்தது. நாற்பது கட்டிலுக்கு ஒருவர் நிற்கும் வார்டில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டு என்று மாணவரிடம் சொல்வது நேர்மையில்லாத பேச்சு. எந்த வார்டில் போதுமான ஆட்கள் இருக்கிறார்களோ அங்கேதான் அடிப்படைப் பயிற்சி நடக்க வேண்டும் என்று விதி செய்ய உங்களால் முடியும். மாணவர்களையே ஆள் பற்றாக்குறைக்கு ஈடுகட்டும் கைகளாகப் பயன்படுத்துவதைத் தடுக்கவும் உங்களால் முடியும்.

இந்த வேலை பெண்களுக்கு இயல்பாகவே வந்துவிடும், இதற்குத் தனியாகப் பயிற்சி எதற்கு என்ற எண்ணம் இன்னும் பலர் மனத்தில் இருக்கிறது. பாடத்திட்டக் குழுக்களில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அடிப்படைப் பராமரிப்புக்கு ஒதுக்கும் நேரத்திலும், அதைக் கற்பிக்கப் பணியில் மிக இளையவரை அனுப்புவதிலும் அது தெரிந்துவிடுகிறது. பிறருடைய நிர்வாண உடலை அவர் கூசாதபடி, ஒரு பகுதியை மட்டும் திறந்து, மற்றதை மூடி, வெதுவெதுப்பான நீரில், அவரோடு பேசிக்கொண்டே துடைத்து முடிப்பது யாருக்கும் பிறப்பிலேயே வருவதில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று முன்பின் தெரியாத முதியவரின் மலத்தைத் துடைக்கக் குனியும்போது அதன் முகத்தில் வரும் குமட்டலை எப்படி அடக்குவது, அவர் கண்ணில் நீர் தளும்பினால் என்ன பேசுவது, பேசாமல் இருப்பது எப்போது என்று யார் சொல்லிக்கொடுத்தோம்? இந்தப் பிள்ளைகள் தனியாக அழுது பழகிக்கொள்கிறார்கள். சிலர் பழகும்போதே மரத்தும் போகிறார்கள். நோயாளியைக் கட்டில் எண்ணால் அழைப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது தேர்வைப் பற்றி. பயிற்சிப் பொம்மைக்கு முன்னால் மாணவர் நின்று, ‘கை கழுவுவேன், திரை போடுவேன், செய்யப்போவதை விளக்குவேன்’ என்று எதிர்காலத்தில் ஒப்பிக்கிறார். நாம் பட்டியலில் குறியிடுகிறோம். தெரிந்திருப்பது, எப்படி என்று தெரிந்திருப்பது, செய்துகாட்டுவது, உண்மையிலேயே செய்வது என்று மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் நான்கு படிகளைச் சொன்னார். நம் தேர்வு பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறது. பொம்மை இருமாது, வெட்கப்படாது, ‘இப்போது வேண்டாம் அம்மா’ என்று சொல்லாது. முதல் முறை கை பழகுவதற்குப் பொம்மை நல்லது. தகுதியை அளப்பதற்கு அது போதாது. செயல்முறைப் பதிவேட்டில் ஐந்து முறை செய்தார், பத்து முறை செய்தார் என்று எண்ணிக்கைக்குக் கையெழுத்து வாங்குவதும் அப்படித்தான். யாரும் பக்கத்தில் நின்று பார்க்காமல் பத்து முறை செய்தவர், தவறைப் பத்து முறை பழகியிருக்கவும் கூடும்.

என் மாணவர்களை நான் நோயாளியின் இடத்தில் படுக்கவைக்கிறேன். விருப்பமில்லாதவரை வற்புறுத்துவதில்லை, உடையோடுதான். அசையாமல் ஒரு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, முன்னறிவிப்பில்லாமல் புரட்டப்பட வேண்டும். பிறகு சொல்லிவிட்டுப் புரட்டப்பட வேண்டும். நின்றுகொண்டிருப்பவர் கையால் ஒரு வாய், எதிரே உட்கார்ந்தவர் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். இன்னொருவர் கையால் பல் துலக்கப்பட வேண்டும். பெட்பானில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கூப்பிட்டும் யாரும் வராமல் காத்திருக்க வேண்டும். எந்த விரிவுரையாலும் வராத மாற்றம் அதற்குப் பிறகு அவர்கள் கைகளில் வருகிறது. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் திரும்பிப் போய் இழுத்துவிடுகிறார்கள். இதற்குப் பணம் செலவில்லை. அட்டவணையில் ஓர் இடம் மட்டும் வேண்டும், அதை நீங்கள்தான் தர முடியும்.

அடிப்படைப் பராமரிப்பைக் கற்பிக்க உங்களிடமுள்ள மிக அனுபவம் வாய்ந்தவரை அனுப்புங்கள். இறுதியாண்டில் ஒரு வாரம், ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு நோயாளியின் முழுப் பராமரிப்பையும் காலை முதல் ட்யூட்டி முடியும் வரை தானே செய்யட்டும். குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் ஒரே கையில் இருக்கட்டும். அந்த வாரத்துக்கு மருந்தியல் தாளுக்கு இணையான மதிப்பெண் கொடுங்கள்.

இறுதிச் செயல்முறைத் தேர்வில் ஒரு கேள்வியை மட்டும் உடனடியாக மாற்றலாம். அதற்குக் குழுவின் நீண்ட விவாதம்கூடத் தேவையில்லை. ஒப்புதல் தந்த ஒரு நோயாளியை மாணவர் குளிப்பாட்டட்டும். தேர்வாளர் ஓரமாக நின்று பார்க்கட்டும். குறுக்கே பேச வேண்டாம். முடிந்ததும் படிநிலைகளை ஒப்பிக்கச் சொல்லாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அவர் தோலில் என்ன பார்த்தீர்கள்? அவர் மூச்சில் என்ன பார்த்தீர்கள்? அவர் உங்களிடம் என்ன சொன்னார்? பிறகு அதே கேள்விகளுக்கு நோயாளியின் பதிலையும் கேட்டு, இரண்டையும் சேர்த்து மதிப்பெண் போடுங்கள். வருகிற தேர்விலேயே இதைத் தொடங்க முடியும். வினா வரிசையும் மதிப்பெண் பங்கீடும் எழுதித்தர நானும் என்னைப் போல வார்டில் கற்பிக்கும் மற்றவர்களும் தயாராக இருக்கிறோம். கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறோம்.

இப்படிக்கு,
வார்டில் கற்பிக்கும் ஒரு மூத்த செவிலியர்